ஆனை நின்னா வண்டி நிக்கட்டும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சத்தியமங்கலம் காட்டு ரோட்டுல இருக்கிற ஆசனூர் தாண்டி பஸ்ஸுல வரும்போது பாத்த ஒரு யானைக் குடும்பத்தைப் பத்தி நாலே வரிதான் எழுதியிருந்தேன். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், ரோட்டோரம் அஞ்சு யானைங்க, அதுல மூத்த பொம்பள யானை ஒரு முன்னங்காலைத் தார் மேல வைக்கும், ஒரு வண்டி வரும், காலைப் பின்னாடி எடுத்துக்கும், மறுபடி வைக்கும், மறுபடி எடுக்கும். குட்டி அது வயித்துக்கு அடியில ஒட்டிக்கிட்டு நிக்குது. எங்க டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டாரு, எதிர்ல வந்த பால் வண்டிக்காரரும் அதைப் பாத்து நிறுத்திட்டாரு, அப்புறம் அஞ்சும் ரோட்டைத் தாண்ட ஒரு நிமிஷம்கூட ஆகல. அதைப் படிச்சிட்டு வந்த கேள்விங்க மட்டுமே ஒரு கட்டு இருக்கு, அதனால இந்த இதழ் பூரா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

யானை காடு பூரா சுத்துற மிருகம்தானே, அதுக்கு எதுக்கு தனியா வழித்தடம்? இந்தப் பக்கம் விடலைன்னா அந்தப் பக்கமா போயிக்கும்ல? – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

நெறைய பேர் இப்படித்தான் நெனைக்கிறாங்கம்மா, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனைச்சேன். பெரிய யானை ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி வேணும், 100 லிட்டருக்கு மேல தண்ணி வேணும். பத்து பதினஞ்சு யானை சேந்த கூட்டம் ஒரே எடத்துல ஒரு மாசம் தங்குனா அங்க மூங்கிலும் மிஞ்சாது புல்லும் மிஞ்சாது. அதான் மழை எங்க பெய்யுதோ அது பின்னாடியே நடக்குதுங்க. தென்மேற்கு மழை புடிச்சா வயநாடு, கூடலூர் பக்கம் பசுமை, ஐப்பசி கார்த்திகை மழைக்கு சீகூர், சத்தியமங்கலம் பக்கம் பசுமை. நீலகிரி சுத்துவட்டாரத்துல ஒரு யானைக் குடும்பம் பொழங்குற எடம் 500 சதுர கிலோமீட்டருக்கு மேலன்னு கழுத்துல ரேடியோ பட்டை மாட்டிப் பாத்து கண்டுபுடிச்சிருக்காங்க. இந்தப் போக்குவரத்துக்குத்தான் நம்ம ஊர்ல வலசைன்னு பேரு.

வழித்தடம்ங்கிறது முழுக் காடு இல்ல. ரெண்டு பெரிய காட்டுக்கு நடுவுல இருக்கிற ஒடுக்கமான சந்து. நம்ம வீட்டுல ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒரே ஒரு நிலைக்கதவு இருக்கு, அங்க கொண்டு போய் பீரோவைப் போட்டா ரெண்டு ரூமும் இருந்தும் பிரயோஜனம் இல்லைல, அப்படித்தான். சீகூரையே எடுத்துக்கங்க. தெக்கால நீலகிரி மலைச் சரிவு சுவரு மாதிரி நிக்குது, வடக்கால மாயாறு ஓடுற ஆழமான பள்ளம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மேட்டு நிலம்தான் முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் போற வழி. மேற்குத் தொடர்ச்சி மலை யானையும் கிழக்குத் தொடர்ச்சி மலை யானையும் சந்திச்சுக்கிற எடம் அது. “அந்தப் பக்கமா போயிக்கும்”னு நீங்க சொல்றீங்களே, அந்தப் பக்கம்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல. அந்த எடத்துலதான் ரிசார்ட்டும் கரண்ட் வேலியும் வரிசையா வந்துச்சு. 2011ல சென்னை உயர் நீதிமன்றம் வழித்தடத்தைக் காலி பண்ணச் சொல்லித் தீர்ப்பு குடுத்துச்சு, 2018ல உச்ச நீதிமன்றம் பல ரிசார்ட்டுக்கு சீல் வைக்கச் சொல்லுச்சு, 2020 அக்டோபர்ல வழித்தடம் செல்லும்னு உறுதியாவே சொல்லிடுச்சு. ஒரு கதவைத் தொறந்து வைக்கணும்னு முடிவாகவே இத்தனை வருஷம்.

யானை மட்டும் இல்லம்மா. புலிக்குட்டி ரெண்டு வயசு தாண்டுனா தாயை விட்டு வெளிய வந்து சொந்தமா ஒரு எடம் தேடணும், அதுலயும் ஆண் புலி ரொம்ப தூரம் போகும். வழி அடைபட்டுச்சுன்னா ஒண்ணு ஊருக்குள்ள வரும், இல்ல இருக்கிற காட்டுலயே சண்டை போட்டுச் சாகும். அதுவும் இல்லைன்னா சொந்தத்துக்குள்ளயே கூடிக் கூடி வம்சமே பலவீனமாகும். நாடு பூரா 150 யானை வழித்தடம் இருக்குன்னு மத்திய அரசு 2023ல பட்டியல் போட்டுச்சு, 2024ல தமிழ்நாடு வனத்துறை வெளியிட்ட வரைவு அறிக்கையில நம்ம மாநிலத்துக்கு மட்டுமே 42 வருது. ஒவ்வொண்ணு குறுக்கயும் எத்தனை ரோடு போகுதுன்னு ஒரு மேப்பை வச்சுப் பாருங்க, மனசு கனத்துப் போகும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பண்ணாரியில கேட்டைச் சாத்திடறாங்க. தக்காளி லோடு ராத்திரி பூரா நிக்குது, எங்க பொழப்பு போகுது. நாங்க என்ன மிருகத்தைக் கொல்றவங்களா? – திம்பம் வழியா ஓட்டும் ஒரு லாரி டிரைவர்

அண்ணா, உங்க கோவத்துல நியாயம் இருக்கு, அதை மொதல்ல சொல்லிடறேன். வருஷக்கணக்கா திம்பம் மலையோட அந்த 27 கொண்டை ஊசி வளைவுல லோடு ஏத்திட்டுப் போனவருக்கு அந்த ரோடு என்னன்னு தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது. ராத்திரியில அங்க என்ன நடந்துச்சுன்னும் எங்களை விட நீங்கதான் அதிகம் பாத்திருப்பீங்க.

ராத்திரியில திம்பம் ரோட்டுல வண்டி விடக் கூடாதுங்கிற இந்தத் தடை திடுதிப்புனு வந்தது இல்ல. 2019 ஜனவரியிலயே ஈரோடு கலெக்டர் உத்தரவு போட்டாரு, அது நடைமுறைக்கு வராமலே கெடந்துச்சு, அப்புறம் 2022 பிப்ரவரியில உயர் நீதிமன்றம் அதை அமல்படுத்தச் சொல்லுச்சு. லாரி மாதிரி சரக்கு வண்டிக்கு சாயங்காலம் ஆறுல இருந்து காலையில ஆறு வரைக்கும், கார் மாதிரி வண்டிக்கு ராத்திரி ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும். கர்நாடகாக்காரங்க பந்திப்பூர்ல 2009லயே ராத்திரி ஒன்பதுக்கு மேல ரோட்டை மூடிட்டாங்க, ஆம்புலன்ஸும் குறிப்பிட்ட சில பஸ்ஸும் மட்டும் போகும்.

ஏன் ராத்திரின்னா அதுங்களுக்கு அதுதான் பகல். சிறுத்தை, கரடி, மிளா, முள்ளம்பன்னி, புனுகுப் பூனை எல்லாம் பொழுது சாஞ்சாத்தான் கெளம்பும். திம்பம் ரோட்டுல ஒரு பக்கம் பாறைச் சுவரு, இன்னொரு பக்கம் பள்ளமும் தடுப்புச் சுவரும், நடுவுல மாட்டுன மிருகம் மேலயும் ஏற முடியாது கீழயும் எறங்க முடியாது, ரோட்டு மேலயே ஓடும். ஹெட்லைட் கண்ணுல பட்டா அது நின்னுடும், பயந்து ஓடணும்னு நாம நெனைக்கிறோம், ஆனா அந்த வெளிச்சத்துல அதுக்கு எதுவுமே தெரியாது. எந்த டிரைவரும் வேணும்னே அடிக்கிறதில்ல. பாரம் ஏத்துன பத்து சக்கர வண்டி எறக்கத்துல வரும்போது திடீர்னு பிரேக் போட்டா வண்டியே போயிடும், உங்களுக்குத் தெரியாததா?

அதனால நான் நேர சொல்றேன், ராத்திரி மூடுறதை நான் ஆதரிக்கிறேன். பாலம் கட்ட எடம் இல்லாத மலை ரோட்டுல மிருகத்துக்கு நம்மளால குடுக்க முடிஞ்ச ஒரே வழி நேரம்தான். ஒரு மூட்டை சிமென்ட் செலவில்லாம பாதி நாளை அதுங்களுக்கு விட்டுக் குடுக்கிறோம். ஆனா அந்தப் பாரத்தை மொத்தமா டிரைவருங்க தலையில கட்டுனது தப்பு. கேட் போட்டவங்க கேட்டுக்குப் பக்கத்துலயே லாரி நிறுத்த ஒழுங்கான எடம், கக்கூஸு, குடிதண்ணி, படுக்க ஒரு கூரை, காய்கறி லோடுக்கு ஒரு குளிர் கிடங்கு இதெல்லாம் போட்டுட்டு அப்புறம் கேட்டைச் சாத்தியிருக்கணும். மண்டிக்காரங்களும் லோடு ஏத்துற நேரத்தை மாத்தலாம், மத்தியானம் ஏத்துற லோடைக் காலையில ஏத்துனா பாதிப் பிரச்சினை தீரும். இதைக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, சங்கத்து மூலமா கேளுங்க, கேக்கும்போது என்னையும் கூப்பிடுங்க, வரேன்.

இன்னொண்ணு. காரப்பள்ளம் செக்போஸ்ட்டு பக்கம் கரும்பு லாரியை எதிர்பாத்து யானை நிக்கிறது எல்லாருக்கும் தெரியும், பாவம்னு சொல்லி நம்ம ஆளுங்க ரெண்டு கட்டு கரும்பை எடுத்து வீசுறாங்க. தயவு செஞ்சு அதை மட்டும் வேண்டாம்னு உங்க சகாக்கள்கிட்ட சொல்லுங்கண்ணா. இன்னைக்கு அந்தத் தாய் கரும்புக்கு நிக்குது, அது கூட நிக்கிற குட்டி ரோடுன்னா தீனின்னு கத்துக்குது, நாளைக்கு அது எந்த வண்டி முன்னாடி வந்து நிக்கும்னு யாருக்கும் தெரியாது.

சிவில் இஞ்சினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். மிருகத்துக்குன்னு கீழ்ப்பாலம் கட்டுனா அது வழியா நிஜமாவே போகுமா, இல்ல கணக்குக் காட்டுறதுக்குக் கட்டுறதா? – சேலத்திலிருந்து ஒரு மாணவர்

போகும் தம்பி, கேமராவுல பதிஞ்ச ஆதாரம் இருக்கு. உங்க சேலம் வழியா போற 44ஆம் நம்பர் ஹைவே இருக்குல்ல, அதே ரோடுதான் மேல நாக்பூர் தாண்டி பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு நடுவுல போகுது. அதை நாலு வழியா அகலப்படுத்தும்போது வழக்கு, போராட்டம்னு பல வருஷம் இழுத்துச்சு, கடைசியில ரோட்டைத் தூக்கி வச்சு அடியில மிருகம் போக வழி விட்டாங்க. மகாராஷ்டிரா பக்கம் மட்டும் இப்படி 9 எடம், சின்னது 50 மீட்டர், பெருசு 750 மீட்டர் நீளம். 2019ல இந்திய வனவிலங்கு நிறுவனம் அதுக்கு அடியில கேமரா வச்சுப் பாத்தாங்க, 18 வகை காட்டு மிருகம், ஐயாயிரத்துக்கு மேல படம், அதுல 11 புலி. புள்ளிமானும் காட்டுப்பன்னியும்தான் ரொம்ப அதிகம். மேல லாரி ஓடிட்டே இருக்கு, கீழ புலி சாவகாசமா நடந்து போகுது. மத்தியப் பிரதேசம் பக்கம் அடுத்துக் கட்டுன பகுதியில ரெண்டு ஓரமும் சத்தமும் வெளிச்சமும் கீழ போகாத மாதிரி தடுப்புச் சுவரும் வச்சாங்க.

ஆனா நீங்க கேட்டதுல ரெண்டாவது பாதியும் உண்மைதான். கணக்குக் காட்டுறதுக்குக் கட்டுறதும் நடக்குது. ஓடைக்குப் போடுற குழாயை, ரெண்டு மீட்டர் உயரக் கல்வெர்ட்டை எல்லாம் ரிப்போர்ட்டுல மிருகம் போற பாதைன்னு எழுதிடறாங்க. ஒரு மான் குகை மாதிரி இருட்டா இருக்கிற எடத்துக்குள்ள நுழையவே நுழையாது, உள்ள என்ன படுத்திருக்குன்னு அதுக்குத் தெரியாதுல. மறுபக்க வெளிச்சம் தெரியணும், உயரமும் அகலமும் தாராளமா இருக்கணும், தரை மண்ணா இருக்கணும், சிமென்ட் போட்டு மெழுகக் கூடாது. அடியில வண்டி நிறுத்தறது, ஆடு மாடு கட்டறது, ராத்திரி உக்காந்து தண்ணி அடிக்கிறது எதுவும் கூடாது. இதுல எது ஒண்ணு தப்புனாலும் பாலம் இருக்கும், மிருகம் மேல ரோட்டுலதான் ஏறும்.

எடத்தை எப்படி முடிவு பண்றாங்கங்கிறதுதான் இதுல இருக்கிற எல்லாத்துலயும் முக்கியம், படிக்கும்போதே மனசுல வாங்கிக்கங்க. ஆபீஸ்ல உக்காந்து ரெண்டு கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு கோடு போட்டா வேலைக்காகாது. ஒரு வருஷமாவது காலடித் தடம், மிருகம் போட்ட லத்தி, மரத்துல உரசுன மண் எல்லாம் பாத்து, அங்க மாடு மேய்க்கிறவங்க, வேட்டைத் தடுப்புக் காவலருங்க, பழங்குடி ஜனங்ககிட்ட கேட்டு, மிருகம் ஏற்கனவே எங்க தாண்டுதோ அங்கதான் போடணும். அடுத்தது வேலி. கனடாவுல பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள்ள போற ஹைவேல 6 மேம்பாலமும் 38 கீழ்ப்பாலமும் கட்டி, ரெண்டு ஓரமும் உயரமா வேலி போட்டுப் பாலத்தைப் பாத்துத் திருப்பி விட்டாங்க, மிருகம் வண்டியில அடிபடறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. வேலி இல்லாத பாலம் பாதி வேலைதான், பாலம் இல்லாத வேலியோ காட்டை ரெண்டா வெட்டுற கத்தி.

இதெல்லாம் சரியா பண்ணுனாலும் இன்னொண்ணு இருக்கு, இதை உங்க புரொஃபசர்கிட்டயும் கேளுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெலம் யாருது? கோடிக்கணக்குல செலவு பண்ணிப் பாலம் கட்டி முடிச்சு, மூணாவது வருஷம் எதிர்ப்பக்கம் பிளாட் போட்டு வித்துட்டா அந்தப் பாலம் எங்க போய் முடியும்? நேரா ஒரு காம்பவுண்டு சுவத்துலதான். ரோட்டுக்காரங்க கையில ரோடு இருக்கு, வனத்துறை கையில காடு இருக்கு, நடுவுல இருக்கிற பட்டா நெலத்தைப் பத்தி ஒரே மேஜையில உக்காந்து பேச ஆள் இல்ல. நீங்க இஞ்சினியர் ஆனப்புறம் டிராயிங்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாலத்தோட ரெண்டு முனையிலயும் எறங்கி அரை கிலோமீட்டர் நடந்து பாத்துட்டு வாங்க தம்பி.

வால்பாறைக்கு டூர் போனோம், புதுத்தோட்டம் பக்கத்துல ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பழைய பட்டை மாதிரி என்னமோ கட்டித் தொங்க விட்டிருக்காங்க, அது என்ன? – உடுமலையிலிருந்து ஒரு வாசகர்

அது சிங்கவால் குரங்குக்குப் போட்ட பாலம். பழைய ஃபயர் சர்வீஸ் குழாய் இருக்குல்ல, அந்தக் கித்தான் குழாயைத்தான் அதுக்குப் பயன்படுத்தியிருக்காங்க. மழைக்காட்டுல உச்சிக் கிளையிலயே பொறந்து வளந்து தரையில எறங்காமலே வாழ வேண்டிய ஜாதி அது. ரோடு அகலமாகி மேல கிளையும் கிளையும் சேராம போனதால தரையில எறங்கி ஓட வேண்டிய நெலமை வந்துச்சு, வண்டியில அடிபட ஆரம்பிச்சுது. அதைப் பாத்துட்டு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரங்களும் வனத்துறையும் சேந்து இதைக் கட்டுனாங்க, ரோட்டுல நின்னு வண்டியை மெதுவாக்குற ஆளுங்களையும் வச்சாங்க. நான் ஒரு தடவை அடியில நின்னு பாத்தேன். மொதல்ல ஒரு பெரிய ஆண் வந்து பட்டையை ரெண்டு கையால புடிச்சு ஆட்டிப் பாத்துச்சு, அப்புறம் வாலை நிமித்தி நிதானமா நடந்து போச்சு, அதுக்குப் பின்னாடிதான் வயித்துல குட்டியைத் தொங்க விட்டுக்கிட்டு ஒரு தாய் வந்துச்சு. பாதி தூரத்துல நின்னு கீழ எங்களை ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சு.

அடுத்த தடவை போனீங்கன்னா அங்க வண்டியை நிறுத்தி பிஸ்கட் போடாதீங்க, அது கீழ எறங்கக் கூடாதுன்னுதான் அவ்வளவும்.

இங்க சிங்கப்பூர்ல எக்ஸ்பிரஸ்வே மேல காட்டுப் பாலம் ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி எழுதுங்களேன். – சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி

புக்கிட் தீமா எக்ஸ்பிரஸ்வே மேல இருக்கிற ஈகோ-லிங்க் தானே. 1986ல அந்த ரோடு வந்து ஒரே காட்டை ரெண்டா பிரிச்சுப் போட்டுச்சு, 2013ல 62 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி மண்ணைக் கொட்டி மரம் வச்சு மறுபடி ஒட்ட வச்சாங்க. எறும்புத்தின்னி அதுல நடந்து போறது கேமராவுல பதிஞ்சிருக்கு. அவ்வளவு நெருக்கடியான ஊர்ல, அடி அடியா நெலத்துக்கு வெலை போடுற எடத்துல, மனுஷங்க போகாத ஒரு பாலத்தை எறும்புத்தின்னிக்காகவும் கட்டியிருக்காங்க. எனக்கு அதுல ரொம்ப மரியாதை உண்டு.

ரோட்டைப் பத்தியே பேசறீங்க, எங்க மதுக்கரையில ரயில்ல அடிபடற யானைக்கு என்ன வழி? – கோவை வாசகர்

2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரை பக்கம் மூணு பொம்பள யானை ஒரே ரயில்ல அடிபட்டுச்சே, அந்தப் படத்தைப் பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவுல ஏ லைன், பி லைன்னு ரெண்டு தடமும் காட்டுக்குள்ளதான் போகுது, அந்தப் பகுதியில 2008ல இருந்து 11 யானை செத்திருக்கு. ரயில் டிரைவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க, வளைவுல யானை கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் பிரேக் புடிச்சாலும் அத்தனை பெட்டி பல நூறு மீட்டர் தள்ளித்தான் போய் நிக்கும். அதனால டிரைவர் பாக்குறதுக்கு முன்னாடி வேற யாராவது பாக்கணும்.

2024 பிப்ரவரியில 12 கோபுரம் வச்சு அதுல ராத்திரியிலயும் உடம்புச் சூட்டை வச்சுப் பாக்குற கேமரா பொருத்துனாங்க, யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தாலே கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும், அங்க இருந்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும், ரயில் மெதுவாகும். தண்டவாளத்துக்கு அடியில யானை போக ரெண்டு சுரங்கப்பாதையும் கட்டியிருக்காங்க. கேமரா வந்தப்புறம் அங்க ரயில்ல அடிபட்டு யானை சாகலைன்னு வனத்துறை சொல்லிட்டு வருது. கேக்கவே நெஞ்சு நெறைஞ்சு போகுதுங்க. ராத்திரி பூரா அந்தத் திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கிற பசங்கள்ல மலைக்கிராமத்துப் பிள்ளைங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

குடும்பத்தோட முதுமலை வழியா ஊட்டி போறோம், புது கார். வழியில யானை வந்துட்டா என்ன பண்ணணும்? – திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

மொதல்ல, கதவைத் தொறக்காதீங்க, யாரும் எறங்காதீங்க. தூரத்துலயே பாத்துட்டீங்கன்னா குறைஞ்சது 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, ஹாரன் வேண்டாம், ஹை பீமை எறக்கிடுங்க, பாட்டை நிறுத்துங்க. யானை ரோட்டுல நின்னா அவசரப்பட்டு ஓரமா நுழைச்சு எடுத்துடலாம்னு நெனைக்காதீங்க. கூட்டமா வந்தா கடைசி யானை தாண்டுன பிறகும் ஒரு நிமிஷம் இருங்க, பல தடவை ஒரு குட்டியோ அதோட அத்தை யானையோ பின்தங்கி வரும், நடுவுல நம்ம கார் போனா அப்பத்தான் கோவம் வரும். காதை விரிச்சு, தும்பிக்கையைச் சுருட்டி, வாலைத் தூக்கிட்டு உங்களையே பாக்குதுன்னா நீங்க ரொம்பப் பக்கத்துல இருக்கீங்கன்னு அர்த்தம், வண்டியைத் திருப்ப வேண்டாம், மெதுவா ரிவர்ஸ்லயே பின்னாடி வாங்க. பின்னாடி வர்ற வண்டிக்கு ஹசார்டு லைட் போட்டுக் காட்டுங்க.

அதை விட முக்கியம் வேகம். யானையைப் பாக்கும்போது எல்லாரும் மெதுவாத்தான் போறாங்க, யானை தெரியாத எடத்துலதான் பறக்குறாங்க. மழைக்காலத்துல ராத்திரி ரோட்டுல தவளை நெறைய இருக்கும், தார் சூட்டுக்குப் பாம்பு வந்து படுக்கும், பொழுது விடியற நேரம் மான் குறுக்க வரும். ஒரு மான் தாண்டுச்சுன்னா அது பின்னாடி இன்னும் ரெண்டாவது இருக்கும்னு வச்சுக்கங்க. முப்பது நாப்பதுல போனா உங்களுக்கு இருபது நிமிஷம் லேட்டாகும், பரவாயில்ல, கண்ணாடியை எறக்கிட்டு அந்தக் காத்தை வாங்கிட்டுப் போங்க. திங்கற எதையும் வெளிய போடாதீங்க, ஆரஞ்சுத் தோலா இருந்தாலும் சரி, அதைத் திங்க வர்ற குரங்கு அடுத்த கார்ல அடிபடும்.

எங்க வீட்டுப் பக்கத்துல ஒருத்தர் வேன்ல நான் போனப்ப அவரு ஒரு ஒத்த யானையைப் பாத்து வெளையாட்டா லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுனாரு. அது பத்து அடி வேகமா ஓடி வந்து நின்னுச்சு, அவ்வளவுதான், ஒண்ணும் பண்ணல, திரும்பிப் போயிடுச்சு. பின் சீட்டுல இருந்த குழந்தை அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. அந்த யானை அடுத்து வந்த பைக்காரரை என்ன பண்ணியிருக்கும்னு நான் இன்னைக்கும் நெனைச்சுப் பாக்குறேன்.

எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கிற தோட்டம், இப்ப யானை வழித்தடத்துல வருதுங்கிறாங்க. வாழை வச்சா யானை திங்குது, வேலி போட்டா வனத்துறை கேள்வி கேக்குது. நாங்க எங்க போறது? – மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி

ஐயா, இந்தக் கட்டுலயே என்னை ரொம்ப யோசிக்க வச்சது உங்க கடுதாசிதான். ரெண்டு நாள் வச்சிருந்துட்டுத்தான் எழுதறேன்.

கல்லாறு பக்கம் யானை எறங்குற பாதை உங்க தாத்தாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்துல சோளமும் ராகியும் போட்டுட்டு, அறுவடை மாசம் பரண்ல காவல் இருந்துட்டு, மிச்ச மாசம் நெலம் சும்மா கெடந்திருக்கும், யானையும் போயிருக்கும் வந்திருக்கும். இப்ப வாழை, பாக்குன்னு வருஷம் பூரா பச்சை, சுத்திலும் செங்கல் சூளை, காலேஜு, லேஅவுட்டு. மத்த வழியெல்லாம் அடைச்சு அடைச்சு மிச்சம் இருக்கிற ஒரே சந்து உங்க தோட்டம்னு ஆயிடுச்சு, வலசைப் பாதையை மொத்தமா அடைச்சவங்க வேற, நஷ்டப்படறது நீங்க. அதனால “வழித்தடம், காலி பண்ணு”ன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றது நியாயமே இல்ல.

அதே சமயம் நான் உங்களை ஏமாத்தவும் மாட்டேன். கரண்டை நேரடியா வேலியில விடாதீங்க, யானையும் சாகும், உங்க வீட்டுப் புள்ளைக்கும் ஆபத்து, கேஸும் வரும். சோலார் வேலி போட்டாலும் நெலத்தைச் சுத்தி முழுக்கப் போடாம, வீட்டையும் களத்தையும் மட்டும் அடைச்சு, யானை நடக்குற பாதையை விட்டுப் போடுங்க. பாதையை அடைச்சா அது உங்க வீட்டுச் சுவரை இடிச்சிட்டுத்தான் போகும், பாதை இருந்தா தாண்டிப் போயிடும், இதை அந்தப் பக்கத்து விவசாயிகளே எங்கிட்ட பல தடவை சொல்லியிருக்காங்க. பாதை ஓரம் இருக்கிற ரெண்டு ஏக்கர்ல வாழைக்குப் பதிலா அது சீந்தாத மஞ்சள், மிளகாய் மாதிரி போட முடியுமான்னு பாருங்க.

வால்பாறையில ஆனந்தகுமார்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் யானை எந்தப் பக்கம் நிக்குதுன்னு செல்போனுக்கு மெசேஜ் அனுப்புறது, லோக்கல் டிவியில கீழ ஓட விடறது, ரோட்டோரம் சிவப்பு லைட்டைப் போன்லயே எரிய விடறதுன்னு ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. எஸ்டேட் ஜனங்களே அந்த லைட்டைப் போட ஆரம்பிச்சாங்க, யானையால மனுஷங்க சாகறது நல்லாவே குறைஞ்சுது. 2015ல அதுக்கு, காட்டு உயிர்களைக் காக்கிறவங்களுக்குக் குடுக்கிற விட்லி விருது கெடைச்சுது. உங்க ஊர்லயும் அந்த மாதிரி கேட்டு வாங்குங்க. வழித்தடத்துல நெலம் வச்சிருக்கிறவங்க அதைத் தொறந்து வச்சிருக்கிறதுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை அரசாங்கம் குடுக்கணும்ங்கிறது என் கட்சி, பயிர் போனதுக்கு அப்புறம் மனு போட்டு அலைஞ்சு வாங்குற நஷ்ட ஈடு வேற, இது வேற. யானைக்கு வழி விடறவங்களுக்கு அது வாடகை மாதிரி மரியாதையா வரணும். அதை இங்க திரும்பத் திரும்ப எழுதுவேன்.

யானைக்குப் பாலம் கட்டுனா, அது தனக்குத்தான்னு யானைக்கு எப்படித் தெரியும்? – திருப்பூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி

சூப்பர் கேள்விடா கண்ணு. மொதல்ல அதுக்குத் தெரியாது. கனடாவுல அந்தப் பாலங்களைக் கட்டுனப்ப மான்லாம் சீக்கிரம் பழகிக்கிச்சு, கிரிஸ்லி கரடிக்கு மட்டும் பல வருஷம் ஆச்சு. பக்கத்துல வரும், மோந்து பாக்கும், திரும்பிப் போயிடும். அதுக்கு அந்த எடம் பாதுகாப்புதான்னு நம்பிக்கை வரணும்ல, நீ புது ஸ்கூலுக்குப் போன மொத நாள் மாதிரி.

ஆப்பிரிக்காவுல கென்யான்னு ஒரு நாடு இருக்கு, அங்க கென்யா மலைக்காட்டையும் கீழ இருக்கிற லேவா புல்வெளியையும் சேக்குறதுக்காக ஒரு பெரிய ரோட்டுக்கு அடியில யானைக்குன்னு சுரங்கப்பாதை கட்டுனாங்க. 2011 ஆரம்பத்துல டோனின்னு ஒரு ஆண் யானைதான் மொத மொத அதுக்குள்ள போச்சு. அதுக்கப்புறம் மத்த யானைங்களும் போக ஆரம்பிச்சுது. யானைக்கு மோப்பம் ரொம்ப அதிகம், ஒண்ணு போன எடத்துல அதோட காலடி வாசம், லத்தி வாசம் எல்லாம் இருக்கும், அடுத்த யானை தும்பிக்கையைத் தரையில வச்சு அதைப் படிக்கும். நம்ம ஆளு இந்த வழியா போயிருக்கான், திரும்பியும் வந்திருக்கான்னு தெரிஞ்சுக்கும். அப்புறம் கூட்டத்துல இருக்கிற பாட்டி யானை மத்ததைக் கூட்டிட்டுப் போகும், பாட்டி கூட நடந்த குட்டி பெருசானதும் தன் குட்டியைக் கூட்டிட்டுப் போகும்.

ஆசனூர்ல நான் பாத்தேன்னு எழுதுனேனே, அந்தக் குட்டிக்கும் அன்னைக்கு ரோட்டைத் தாண்டுனது ஞாபகம் இருக்கும்னு நெனைக்கிறேன். தார் மேல நடக்கும்போது தாயோட பின்னங்காலைத் தும்பிக்கையால தொட்டுக்கிட்டே போச்சு, அந்தப் பக்கம் மண்ணுல எறங்குனதும்தான் விட்டுச்சு.